பெரியம்மா சொல்வதை நம்பலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பாகூர் பக்கம் ஒரு கிராமம், அக்காவுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு முடிந்து கடலூரில் இருந்து தாய்வீட்டுக்கு வந்திருக்கிறார். பிரசவத்துக்கு அம்மாதான் துணைக்கு நிற்கப் போகிறார், ஆனால் அம்மா கடைசியாகப் பெற்றது உங்களை, அதற்கு இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. தெருவில் ஒரு பெரியம்மா, பத்துப் பன்னிரண்டு பிரசவத்துக்குக் கூடப் போய் நின்றவர். வீட்டில் அவர் சொன்னதுதான் முடிவு, நர்ஸ் சொன்னதைக்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்கிறார்கள். 'அவர் பள்ளிக்கூடமே போகாதவர், அவரை நம்பலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு என்ன படுகிறது என்றால், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அந்த ஒரு பெரியம்மாவைப் பற்றி மட்டும் இல்லை. பிரசவத்துக்குத் துணை போகிற பெண்களுக்கு இந்த விஷயங்கள் எல்லாம் எங்கிருந்து தெரிகின்றன, அதில் எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் கேள்வி.

நான் கடலூர் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குறிஞ்சிப்பாடி, புவனகிரி, பரங்கிப்பேட்டை பக்கத்து ஊர்கள்தான் எனக்குத் தெரிந்த உலகம். டாக்டர் இல்லை. அக்காவின் ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் பார்க்காமல் அவருக்கென்று தனியாக நான் எதுவும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் செய்தி எப்படி ஒரு வீட்டில் இருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறது என்பதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், அதைச் சொல்ல முடியும்.

வேலையில் சேர்ந்த புதிதில் பெரிய படங்கள் போட்ட ஒரு மடக்கு அட்டையைக் கொடுத்து அனுப்பினார்கள். பால்வாடியில் கர்ப்பிணிகளை உட்காரவைத்து ஒவ்வொரு படமாகத் திருப்பிச் சொல்வேன். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். அப்புறம் ஒரு வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் பார்த்தால், நான் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதத்துக்கானதும் அட்டை பிரிக்காமல் கிடக்கும். கேட்டால், 'மாத்திரை போட்டா புள்ள பெருத்துடும், கத்தி வச்சிடுவாங்கன்னு எங்க அத்த சொன்னாங்க' என்பாள். அத்தை அப்படி ஏன் சொன்னார் என்று விசாரித்துப் போனால், எட்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருத்திக்குத் துணையாகப் போனபோது மூன்றே முக்கால் கிலோ குழந்தை, ஆபரேஷன், அந்தப் பெண் மாத்திரையை ஒழுங்காகப் போட்டவள். அத்தை கண்ணால் பார்த்தது இரண்டு விஷயம், இரண்டையும் அவரே முடிச்சுப் போட்டுக்கொண்டார். இதற்கு அது காரணம் இல்லை என்று அந்த ஆஸ்பத்திரியில் யாராவது ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் எட்டு வருடம் ஒரு தெருவே மாத்திரையை ஒளித்து வைத்திருக்காது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஒரு சித்திரை மாதம், ஏரியில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டு தடவையாகப் பரிசோதனைக்கு வராத ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டு போனேன். மதிய நேரம், புளியமரத்து நிழலில் எல்லோரும் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள், இவளும் பழைய சோறு வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் ஒருத்தி கதை சொல்லிக்கொண்டிருந்தாள். 'எங்க நாத்தனாரு மூணு நாளா தல வலிக்குதுன்னு தைலத்த தேச்சிக்கிட்டே கெடந்தா. நாலாம் நாளு கண்ணு மங்கலா தெரியுதுன்னா. பித்தம்னு எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சிக் குடுத்தோம். அன்னிக்கி ராத்திரியே கையும் காலும் இழுத்துக்கிச்சு. அந்த தலவலிதான் மொதல்ல வந்த சேதின்னு ஆஸ்பத்திரியில நர்சம்மா சொன்னப்பதான எங்களுக்குத் தெரிஞ்சுது.' இவள் கையில் எடுத்த சோற்றை வாளியிலேயே வைத்துவிட்டாள். 'எனக்கும் முந்தாநேத்துல இருந்து தல வலிக்குதுக்கா' என்றாள். பையில் இருந்த ரத்த அழுத்தக் கருவியை எடுத்து அங்கேயே பார்த்தேன், 150க்கு 100. 140க்கு 90 வந்தாலே கர்ப்பிணிக்கு அதிகம். அன்றைக்கே அனுப்பிவைத்தோம், நல்லபடியாகப் பெற்று வந்தாள். இதே தலைவலி, இதே கண் மங்கலை நான் படத்தைக் காட்டி இரண்டு மாதம் முன்பு அவளுக்குச் சொல்லியிருந்தேன், அது அவளுக்கு நினைவில்லை. நாத்தனார் தைலம் தேய்த்தது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

இத்தனை வருடத்தில் நான் புரிந்துகொண்டது இதுதான். கிராமத்தில் பிரசவ அறிவு அறிவுரையாகப் போவதில்லை, கூட நின்று பார்த்த ஒரு பிரசவத்தின் கதையாகத்தான் போகிறது. குழாயடியில், முந்திரித் தோப்பில், மகளிர் குழு கூட்டம் முடிந்து எழுந்திருக்கும்போது, வளைகாப்புக்கு வளையல் போடும் வரிசையில். கதை சொல்கிறவள் உள்ளே நின்று பார்த்தாளா, பார்த்தது என்ன என்று அவளுக்கு யாராவது விளக்கினார்களா என்பதைப் பொறுத்துத்தான் அந்தத் தெருவுக்குச் சரியான செய்தியோ தப்பான செய்தியோ போய்ச் சேரும். உங்கள் பெரியம்மாவுக்கும் இதே கணக்குதான். அவர் படித்தாரா என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அந்தப் பன்னிரண்டு பிரசவத்தில் எத்தனைக்கு உள்ளே நின்றார், எத்தனைக்கு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார் என்று கேளுங்கள்.

வராந்தா என்று சொன்னதால் ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணை நிற்கலாம் என்ற திட்டம் 2004லேயே வந்துவிட்டது, 2016ல் மத்திய அரசும் நாடு முழுவதற்கும் சொன்னது. பெண் உறவினராக இருக்க வேண்டும், தானும் பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது, தொற்று நோய் இருக்கக் கூடாது, சுத்தமான துணி உடுத்த வேண்டும், கடைசிவரை கூட இருக்க வேண்டும், சிகிச்சையில் குறுக்கே வரக் கூடாது, மற்ற கர்ப்பிணிகளைக் கவனிக்கப் போகக் கூடாது. நிபந்தனை இவ்வளவுதான். மறைப்புக்கு வசதி இருக்கிற இடத்தில் கணவரையும் விடலாம். ஆனாலும் ஒரு ஆஸ்பத்திரியில் என் ஊர்ப் பெண்ணின் அம்மாவைக் கதவுக்கு வெளியே பதினோரு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். கூட்டம் அதிகம், இடம் இல்லை என்றார்கள், அன்றைக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது, நாடித்துடிப்பு குறைந்தது, ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். அந்த அம்மா கேட்டது மகளின் அலறல், பார்த்தது கையெழுத்துப் போடச் சொன்ன ஒரு தாள். ஊருக்கு வந்து அவர் சொன்ன கதை, 'ஊசி போட்டு வலிய நிறுத்திட்டு கத்தி வச்சிட்டாங்க.' அதற்கப்புறம் அந்தத் தெருவில் இரண்டு பெண்கள் வலி வந்தும் அரை நாள் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாவைக் கோபித்து என்ன பயன்? அவருக்குக் கிடைத்ததை வைத்துத்தான் அவர் கதை கட்ட முடியும்.

சரி, உறுதியாகத் தெரிந்தது எது என்று பார்ப்போம். பிரசவ வலி முழுவதும் ஒருவர் விடாமல் கூட இருந்தால் நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. 2017ல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில் 26 ஆய்வுகள், 15,000க்கும் மேற்பட்ட பெண்கள். துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, ஆபரேஷன் குறைந்தது, வலி நேரம் கொஞ்சம் சுருங்கியது, பிரசவத்தைப் பற்றிய கசப்பும் குறைந்தது. 2018ல் உலக சுகாதார நிறுவனம் பெண் தானே விரும்பித் தேர்ந்தெடுக்கும் துணை வேண்டும் என்று பரிந்துரைத்தது. 'தானே விரும்பி' என்ற வார்த்தையைக் கவனியுங்கள், அக்காவுக்கு அம்மா வேண்டுமா, பெரியம்மா வேண்டுமா என்று அக்காவைத்தான் கேட்க வேண்டும். பெண்கள் கூடிப் பேசினால் ஊரின் நிலைமையே மாறுமா என்பதற்கும் சான்று இருக்கிறது. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் மாதம் ஒரு முறை பெண்கள் குழுவாகக் கூடிக் கதையும் விளையாட்டுமாகப் பேசிய கிராமங்களில், பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், 2010ல் வெளிவந்த ஆய்வு. ஆனால் அங்கே பெரும்பாலும் வீட்டுப் பிரசவம். நம் பக்கம் அப்படி இல்லை, அதனால் அதே அளவு பலன் இங்கேயும் வரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

நம் பக்கத்துக் குறை வேறு இடத்தில் இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்தது சுமார் 60 விழுக்காடு குழந்தைகளுக்குத்தான். டாக்டர், நர்ஸ், மருந்து எல்லாம் இருக்கிற கட்டடத்துக்குள் இது நடக்கிறது. ஆபரேஷன் ஆன தாயைக் குழந்தையோடு சேர்க்கத் தாமதமாவது ஒரு காரணம். இன்னொன்று, அந்த ஒரு மணி நேரம் குழந்தை யார் மடியில் இருக்கிறது என்பது. துணைக்கு வந்தவள் மடியில். அவள் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தால் அதுதான் முதல் உணவு. நல்ல குணம் உள்ளவர் கையால் சேனை வைத்தால் பிள்ளைக்கும் அந்தக் குணம் வரும் என்பது நம் வழக்கம், அந்த ஆசையில் எனக்குக் குறை இல்லை, அதை வாய்க்குள் வைக்காமல் நெற்றியில் பொட்டாக வைக்கச் சொல்லிப் பல பாட்டிமாரைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். மஞ்சளாக, கெட்டியாக வருவதுதான் சீம்பால், பிழிந்து கொட்டக் கூடாது. மாடு வளர்க்கிற வீட்டில் இதை விளக்கவே தேவையில்லை, கன்று முதலில் எதைக் குடிக்கிறது என்று கேட்டால் போதும்.

இதெல்லாம் நடப்பதற்கு முன்னால் இந்தத் துணை என்ற வேலை மருத்துவச்சியிடம் இருந்தது. நான் சேர்ந்த காலத்தில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு ஆயா இடுப்பு வலிக்கு முதுகின் அடிப்பக்கம் உள்ளங்கையின் குதிப்பகுதியை வைத்து அழுத்தி நீவுவார், வலி ஏறும்போது அழுத்தம், இறங்கும்போது விட்டுவிடுவார். எந்தப் பயிற்சியிலும் எனக்கு அதை அவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. படுக்க விடமாட்டார், நடக்க வைப்பார், நடுவில் கஞ்சித் தண்ணீர் கொடுப்பார், காதோரமாக ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். இவை நான்கும் சரி என்று இன்றைய பாடப் புத்தகமும் சொல்கிறது. அதே ஆயா கிடைத்த பிளேடால் கொடியை அறுத்துச் சாம்பல் வைப்பார். அதனால் வந்த ரண ஜன்னியில், அதாவது டெட்டனஸில், போன குழந்தைகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் பரவித்தான் 2015ல் இந்தியாவில் பச்சைக் குழந்தைகளின் ரண ஜன்னி ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஒரே கையில் இரண்டும் இருந்தது, பெரியம்மாவிடமும் அப்படித்தான் இருக்கும்.

அவர் சொல்லக்கூடியவற்றைத் தரம் பிரிக்கிறேன். நடக்கச் சொல்வது, இடுப்பை நீவுவது, பயத்தைப் போக்குவது, முருங்கைக்கீரை, கேழ்வரகு, மீன் தரச் சொல்வது எல்லாம் அப்படியே கேட்கலாம். சந்தேகத்தில் இருப்பவை சில. சீரகக் கஷாயம் குடித்து வலி அடங்கினால் சூட்டு வலி, ஏறினால் பிரசவ வலி என்பார்கள். கஷாயத்தால் கெடுதல் இல்லை, ஆனால் அதைச் சோதனையாக வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்திருக்கக் கூடாது, அதுவும் பனிக்குடம் உடைந்திருந்தால் உடனே கிளம்ப வேண்டும். பால் சுறாப் புட்டும் பூண்டும் பால் சுரக்க வைக்கும் என்பது நம் கடலோரத்து நம்பிக்கை. நல்ல புரதம், தாராளமாகச் சாப்பிடட்டும், ஆனால் பாலைச் சுரக்க வைப்பது குழந்தை அடிக்கடி சப்புவதுதான். குங்குமப்பூவால் நிறம் மாறாது, காசு இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள். நன்றாகப் பழுத்த பப்பாளிக்கு அவ்வளவு பயம் வேண்டியதில்லை, காயையும் செங்காயையும் ஒதுக்குங்கள், அதன் பாலில்தான் பிரச்சினை.

கண்டிப்பாகத் தடுக்க வேண்டியவை: வலி வர விளக்கெண்ணெய் கொடுப்பது, வயிற்றை மேலிருந்து அமுக்குவது, நர்ஸ் சொல்லும் முன்பே 'முக்கு, முக்கு' என்று அவசரப்படுத்துவது. கடைசியாகச் சொன்னது அன்பில் செய்வதுதான், ஆனால் கருப்பை வாய் முழுதாகத் திறக்காமல் முக்கினால் பெண் களைத்துப்போவாள், கருப்பை வாய் வீங்கவும் செய்யும். பெற்றவளுக்கு வயிறு பெருக்கும் என்று தண்ணீரைக் குறைப்பார்கள், பச்சை உடம்புக்குத்தான் தண்ணீர் அதிகம் தேவை. குழந்தைக்குக் கழுதைப்பால் சங்கில் ஊற்றுவது, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது இரண்டும் வேண்டவே வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இரும்புச்சத்து மாத்திரையில் மலம் கறுப்பாகப் போகும், அது சாதாரணம். டீயோடும் பாலோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போடாமல் எலுமிச்சைச் சாறோடு போடட்டும். 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள்.

அம்மாவுக்கு ஒன்றே ஒன்றுதான் மனதில் நிற்க வேண்டும் என்றால் நான் உதிரப்போக்கைச் சொல்வேன். ஒரு தடவை நடுராத்திரி, வார்டில் பத்துக் கட்டில், ஒரே நர்ஸ் பிரசவ அறைக்குள் இன்னொரு பிரசவத்தில் இருந்தார். புவனகிரி பக்கத்துப் பெண், பெற்று இரண்டு மணி நேரம், போர்த்திக்கொண்டு அமைதியாகத் தூங்குவது போல இருந்தாள். துணைக்கு வந்த அவள் சித்தி, மூன்று வருடம் முன்பு தன் மகளுக்கு ரத்தம் ஏற்றிக் காப்பாற்றியதைக் கூட நின்று பார்த்தவர். இவர் அரை மணிக்கு ஒரு முறை போர்வையைத் தூக்கித் துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் தடவை பார்க்கும்போது துணி முழுக்க நனைந்து விரிப்பிலும் இறங்கியிருந்தது. கூப்பிட்டால் 'ம்' என்கிறாள், கை ஜில்லென்று இருக்கிறது. சித்தி பிரசவ அறைக் கதவைத் தட்டோ தட்டென்று தட்டினார். நர்ஸ் ஓடிவந்து அடிவயிற்றில் கையை வைத்துப் பார்த்தால், கல் உருண்டை மாதிரி இறுகியிருக்க வேண்டிய கருப்பை பிசைந்த மாவாக இருந்தது. தேய்த்து, ஊசி போட்டு, சிறுநீரை வெளியேற்றி, அரை மணி நேரத்தில் நிலைக்கு வந்தாள். சித்திக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் மகள் பிழைத்த அன்று ஒரு டாக்டர் அவரை உட்காரவைத்து, 'முதல் ஒரு நாள் துணியை அடிக்கடி பார்க்கணும்மா, ஒண்ணுக்குப் போக வைக்கணும், மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா கருப்பை சுருங்காது' என்று விளக்கியிருந்தார். அதைத்தான் அவர் மூன்று வருடம் வைத்திருந்தார்.

மற்ற அறிகுறிகளையும் அம்மா, பெரியம்மா இருவருக்கும் சொல்லிவையுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, எந்த மாதத்தில் ஆனாலும் ரத்தம் படுவது, துர்நாற்றத்தோடு காய்ச்சல். ரத்த அழுத்த வலிப்பு பெற்ற பிறகும் வரலாம், ஆறு வாரம் வரை தலைவலியை அலட்சியப்படுத்தக் கூடாது. இவற்றில் எது வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று விடாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. அக்கா பதிவு செய்தது தென்பெண்ணைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். இப்போது இருப்பது புதுச்சேரிப் பகுதியில். தாய்வீட்டுக்கு வரும் பெண்களுக்கு எப்போதும் நடப்பது இது, ஏழு மாதம் நர்ஸ் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தது மாமியாருக்கு, கூட நிற்கப் போவதோ அம்மா. அதனால் தாய் சேய் அட்டை, பிக்மி நம்பர் (தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதியும்போது கொடுக்கிற நம்பர்), ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும், இந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்திலும் இந்த வாரமே பதிந்துவிடுங்கள். கடலூரில் பார்த்த நர்ஸுக்கு ஒரு போன் போட்டு அம்மாவிடம் கொடுங்கள், பத்து நிமிடம் பேசட்டும். ஒன்பதாம் மாதப் பரிசோதனைக்கு அம்மாவோடு பெரியம்மாவையும் அழைத்துப் போய், பிரசவ அறைக்குள் யாரை விடுவார்கள், இருவரும் மாறி மாறி நிற்கலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். பெரியம்மாவை நர்ஸ் எதிரில் உட்காரவைத்து, அவர் வழக்கமாகச் சொல்வதை அவரையே சொல்லச் சொல்லுங்கள். தப்பு இருந்தால் நர்ஸ் அங்கேயே திருத்துவார், உங்கள் வாயால் திருத்தினால் அவருக்கு வருத்தம்தான் மிஞ்சும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அட்டையில் அக்காவின் ரத்த வகையைப் பார்த்து, அதே வகை உள்ள இரண்டு பேரின் நம்பரை வாங்கி வையுங்கள். உங்களுடையது என்ன வகை என்று தெரியாவிட்டால் நாளைக்கே போய்ப் பார்த்துவிடுங்கள்.